கொடுக்காப்புளியின் தனிக்குடித்தனம்

ஜூலை 29, திங்கள்

லேப் குறிப்பேட்டில் "சனியன் பிடித்த லேசர்" என்று எழுதியதற்காக இன்று சங்கரவடிவு மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"ஜெசிந்தா, இதுல உப்பு அளவு எழுதலாம், வெப்பநிலை எழுதலாம். ஒன் வயித்தெரிச்சல எழுதக் கூடாது. நடந்தத மட்டும் எழுது" என்றார். துறைத் தலைவர் சொன்னால் மறுபேச்சு உண்டா? வரும் வழியில் இந்த டைரியை வாங்கிவிட்டேன். ஜூலையில் டைரி வாங்குகிறவளைக் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும். வயிற்றெரிச்சல் இனி இதில்.

மூன்று ஆண்டுகளாக எனக்கு ஒரே வயிற்றெரிச்சல்தான். அதன் பெயர் கொடுக்காப்புளி. எங்கள் தூத்துக்குடி உப்பளங்களில் வெயில் ஏற ஏறச் சில பாத்திகளில் தண்ணீர் ரோஸ் நிறமாகிவிடும். அந்த நிறமே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தான். ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால் மாதா கோயில் தேர்க் கூட்டம் மாதிரி நெரிசல். அந்த நெரிசலுக்குள் எப்போதாவது ஒன்று, இளஞ்சிவப்பாக, சுருண்டு, யாரையும் இடிக்காமல் உருண்டு போகும். அச்சு அசல் கொடுக்காப்புளி. நான்தான் முதலில் கண்டேன், நான்தான் பெயர் வைத்தேன். இதுவரை யாரும் அதை வளர்த்ததில்லை. வளர்த்தால்தானே அது எதைத் தின்கிறது, அவ்வளவு உப்பில் எப்படிப் பிழைக்கிறது, யாருக்கு உதவும் என்றெல்லாம் தெரியும்? தட்டில் உணவு வைத்து உப்புத் தண்ணீரைத் தெளித்தால் மற்றவையெல்லாம் பந்திக்கு முந்திக்கொள்கின்றன. இது இலை கிடைக்காமல் பட்டினியாகச் சாகிறது.

அதனால்தான் லேசர். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளிக்கதிரை மைக்ராஸ்கோப் வழியாக ஊசிமுனைக்குக் குவித்தால், அந்த முனையில் ஒற்றை நுண்ணுயிர் மாட்டிக்கொண்டு நிற்கும். ஒளியை நகர்த்தினால் அதுவும் கூடவே வரும். தேர்க் கூட்டத்தில் பிள்ளையைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வருவது மாதிரி, கண்ணாடித் துண்டில் செதுக்கிய மெல்லிய வாய்க்கால் வழியாக அதைத் தனி அறைக்குக் கொண்டுபோகலாம். பிறகு சுத்தமான உப்புத் தண்ணீர்க் குழாயில் விட்டால் தனிக்குடித்தனம். போட்டிக்கு ஆளில்லை, நிதானமாகப் பெருகலாம்.

பெருகவில்லை. ஒவ்வொன்றும் சாகிறது.

லேசர் கோயம்புத்தூர் ஆய்வகம் ஒன்றிலிருந்து இரவலாக வந்தது. டிசம்பருக்குள் ஒரு கொடுக்காப்புளியாவது வளர்ந்தால் இங்கேயே தங்கும். இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிவிடும். அதோடு வந்த இயற்பியல்காரர் செந்தூர்பாண்டியும் போய்விடுவார். போகட்டும், நிம்மதி.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நேற்றுப் பனிமய மாதா திருவிழா. இன்று அந்த அலுப்போடு லேசர் அறைக்குப் போனால் வாசலிலேயே செந்தூர்பாண்டி மறிக்கிறார்.

"மேடம், தலையில பூ. மகரந்தம் விழும்."

"மாதா கோயில் பூ சார்."

"எந்தக் கோயில் பூவா இருந்தா என்ன, கண்ணாடிக்குத் தூசி தூசிதான்."

எப்படி இருக்கிறது? லேசர் போகும் வழியில் உள்ள கண்ணாடிகளை ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். அதைத் திறக்க அவருக்கு மட்டும்தான் உரிமை. சட்டைப் பையில் எந்நேரமும் கண்ணாடி துடைக்கும் மெல்லிய தாள். துடைப்பார், முகத்தைச் சாய்த்துப் பார்ப்பார், மறுபடி துடைப்பார். பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படி யாரும் மூக்கு சிந்திவிட்டதில்லை.

பூவை எடுத்து வெளியே வைத்துவிட்டு ஒரு கொடுக்காப்புளியைப் பிடித்தோம். பிடி என்றால் அப்படி ஒரு பிடி. திரையில் அசையாமல் நின்றது.

"கொஞ்சம் பலத்தக் கொறச்சுப் பாப்போமா?" என்றேன்.

"கொறச்சா ஆடும். ஆடுனா பக்கத்துல உள்ளது ஒட்டிக்கிடும். சுத்தம் போயிரும்." முகத்தைப் பார்த்தால் ஏதோ நான் அவருடைய சொத்தை எழுதிக் கேட்டது மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இன்றும் செத்தது. லேப் குறிப்பேட்டில் "வளர்ச்சி இல்லை" என்று எழுதினேன். இங்கே எழுதுகிறேன்: எளவு.

செப்டம்பர் 3, செவ்வாய்

லேசர்தான் கொல்கிறது என்று நான் சொல்லப் போக, பெரிய சண்டை. கடைசியில் சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. மனிதர் வயிற்றில் இருக்கும் சாதாரணப் பாக்டீரியா ஒன்றை அதே பிடியில், அதே நேரம் நிறுத்திவைத்து, அதற்கேற்ற உணவு உள்ள குழாயில் விட்டோம். மறுநாள் காலை பார்த்தால் ஜம்மென்று வளர்ந்து குழாயே கலங்கிக் கிடக்கிறது.

"பாத்தீங்களா? என் லேசர் ஒரு பாவமும் அறியாது" என்றார் செந்தூர்பாண்டி.

எனக்கு முகம் செத்துவிட்டது. மேடமும் "அப்போ ஒன் சாப்பாட்டுலதான் ஏதோ கொற, ஜெசிந்தா. அத மாத்து" என்று சொல்லிவிட்டார். சாப்பாட்டை எத்தனை விதமாகத்தான் மாற்றுவேன்? அதன் சொந்தப் பாத்தித் தண்ணீரையே வடிகட்டிக் கொடுத்தாயிற்று. அதற்கு மேல் தாயார் வந்துதான் ஊட்ட வேண்டும்.

வெற்றி பெற்றவர் பேசாமல் போயிருக்கலாம். சாயங்காலம் ஃபிளாஸ்க்கில் கருப்பட்டிக் காப்பியோடு வந்து நின்றார். உடன்குடிக்காரர், கருப்பட்டி சொந்த ஊர்ச் சரக்கு. "கோவத்துலயும் குடிக்கலாம் மேடம், ஒண்ணும் செய்யாது" என்றார். குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்காகக் கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

மழைக்கு முன் கடைசியாகப் பாத்தித் தண்ணீர் எடுத்து வைக்க வேண்டும். ஐப்பசி மழை இறங்கினால் உப்பளம் எல்லாம் கரைந்து குளமாகிவிடும், அடுத்த கோடை வரை கொடுக்காப்புளியைப் பார்க்க முடியாது. துறை ஜீப் ரிப்பேர். செந்தூர்பாண்டி தன் பைக்கை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கேனைத்தான்.

அவர் ரோஸ் பாத்தியை நேரில் பார்த்ததே இல்லையாம். வரப்பிலேயே நின்றுவிட்டார். வெயில் சுரீரென்று அடிக்கிறது, உப்பு கண்ணைக் கூசவைக்கிறது, இவர் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார்.

"இவ்வளவும் உசுரா?"

"அவ்வளவும் உசுருதான்."

"நான் இத்தன நாளும் திரையில ஒரு புள்ளின்னுல்லா பாத்தேன்" என்றார். பிறகு குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். படித்த மனிதர் செய்கிற வேலையா? முகம் போன போக்கைக் கண்டு சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. உப்பெடுக்கிற பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் அம்மா மஸ்கட் மாப்பிள்ளை போட்டோவை நீட்டுகிறாள். கப்பல் கம்பெனி, நல்ல குடும்பம், இந்த வயதில் இப்படி அமைவதே மாதா புண்ணியம், இத்யாதி. மூக்கு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

நல்ல மூக்குதான்.

அக்டோபர் 10, வியாழன்

ஆயுத பூசை. நாளை முதல் விடுமுறை என்பதால் லேபில் இன்றே கும்பிட்டாயிற்று. முத்துமாலை அக்காதான் எங்கள் லேபைக் கூட்டிப் பெருக்கி, கண்ணாடிச் சாமான்கள் கழுவுகிறவள். பூசையன்று மட்டும் அவள்தான் துறைத் தலைவர். மேடமே ஓரமாக நின்று "அடுத்து என்ன முத்துமாலை?" என்று கேட்பார். மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, ஃபிரிட்ஜுக்குப் பெரிய பொட்டு. எதையும் திங்கட்கிழமை வரை தொடக் கூடாது. சாமிக்கு முன்னால் வைத்த ஆயுதம் ஓய்வெடுக்க வேண்டுமாம். எனக்குச் சுண்டலும் பொரியும் கிடைத்தால் போதும், எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓய்வெடுக்கட்டும்.

லேசர் அறை முறை வந்தது. அக்கா சந்தனக் கிண்ணத்தோடு போனாள். செந்தூர்பாண்டி வாசலிலேயே கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். பிறகு என்ன தோன்றியதோ, என்னைப் பார்த்து, "மேடம், நீங்க வைங்க" என்றார்.

"நானா?"

"நீங்கதான்."

"பூ வச்சிருந்ததுக்கே வெளிய நிறுத்துனீங்களே சார்?"

"இன்னைக்கு ஒரு நாளு பரவால்ல."

அக்கா என் விலாவில் ஒரு இடி இடித்தாள். "வை பிள்ள. மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."

அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. சின்னச் சின்ன வட்டக் கண்ணாடிகள், ஒன்றுக்கொன்று முகம் திருப்பி நிற்கின்றன. அவ்வளவு சுத்தம், மூச்சு விடவே பயமாக இருந்தது. "மொத கண்ணாடி சட்டத்து மேல வைங்க. கண்ணாடில மட்டும் பட்டுராம" என்றார்.

சட்டத்தின் மேல்தான் வைத்தேன். சரியாகத்தான் வைத்தேன். அக்கா பன்னீரை ஊற்றிச் சந்தனத்தை ரொம்பத் தண்ணீராக்கியிருந்தாள், அது என் குற்றமா? வைத்த விரலை எடுக்கக் கொஞ்சம் தாமதமாயிற்று. ஏசி அறை, குளிர் அதிகம். அவர் உடனே மூடியை மூடிவிட்டார், நானும் உடனே வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு பொட்டலம் பொரி கொண்டுவந்தேன். ஒன்று அவருடையது. அவர் பொரி சாப்பிட மாட்டாராம்.

அக்டோபர் 14, திங்கள்

லேசருக்கு என்னவோ ஆகிவிட்டது. நான் போனபோது செந்தூர்பாண்டி ஏற்கெனவே பெட்டியைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டிருந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. கொடுக்காப்புளியைப் பிடித்தால் நிற்கிறது, ஆனால் தொட்டில் பிள்ளை மாதிரி ஆடிக்கொண்டே நிற்கிறது. கொஞ்சம் வேகமாக இழுத்தால் நழுவிப் போய்விடுகிறது.

"என்ன சார் ஆச்சு?"

"பிடி தளந்துட்டு."

"ஏன்?"

"பழைய லேசரு. வயசாயிட்டு."

"போன வாரம் வயசாகலையா?"

திரையைப் பார்த்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டார். சட்டைப் பையில் அந்தத் துடைக்கும் தாள் அப்படியே இருந்தது. ஆடினால் உயிரே போய்விடும் என்பவர், ஆடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். பலத்தைக் கூட்டுங்கள் என்றேன். "கூட்ட வேண்டாம், கெடக்கட்டும்" என்றார். மனிதருக்கு ஊருக்குப் போகிற நினைப்பு வந்துவிட்டது போலிருக்கிறது. யாருக்கு வேண்டும்.

அக்டோபர் 22, செவ்வாய்

வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. உள்ளே நாங்கள் ஒரு கொடுக்காப்புளியைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் வழியாகப் போகிறோம். தளர்ந்த பிடியில் ஒரே வழிதான்: பைய. நான் நகர்த்தும் குமிழைப் பிடித்திருக்கிறேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து "பைய... பைய... நில்லுங்க, திரும்பட்டும்... இப்போ பைய" என்று சொல்லிக்கொண்டே வருகிறார். ஒருமுறை நழுவியது. திரும்பிப் போய்க் கூட்டி வந்தோம். மறுபடி நழுவியது. முன்பெல்லாம் தரதரவென்று இழுத்து வந்த தூரத்துக்கு இன்று காலை முழுவதும் ஆயிற்று.

விசித்திரம் என்னவென்றால் எனக்குக் கோபமே வரவில்லை. கொடுக்காப்புளி போகிற வழியில் தானாகப் புரண்டது, சுருளை லேசாக விரித்தது. இத்தனை நாள் பிடித்ததில் ஒன்றுகூட அப்படிச் செய்ததில்லை.

"சந்தோசமா வருது பாருங்க" என்றார்.

"நுண்ணுயிருக்குச் சந்தோசம் கெடையாது சார்" என்றேன். எனக்கு இருந்தது.

குழாயில் விட்டுத் தேதி எழுதி, விளக்கெரியும் சூட்டுப் பெட்டியில் வைத்தேன். இந்த வாரத்துக் குழாய்கள் எல்லாம் ஒரே வரிசையில். எப்படியும் சாகத்தான் போகின்றன.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. உடன்குடியிலிருந்து முறுக்கு வந்தது. அம்மா "யாரு குடுத்தா?" என்றாள். லேப் என்றேன்.

நவம்பர் 20, புதன்

உப்பளம் கரைந்துவிட்டது. போய்ப் பார்த்தோம். ரோஸ் பாத்தி இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் மழைத் தண்ணீர், நடுவில் நாரை ஒன்று. எடுத்து வைத்த கேன்களிலும் கொடுக்காப்புளி ஒன்றும் தென்படவில்லை. இனி குழாய்களில் இருப்பவைதான் மிச்சம். அவையோ பளிங்கு மாதிரி தெளிந்து கிடக்கின்றன. தெளிவாக இருந்தால் உள்ளே ஒன்றும் வளரவில்லை என்று பொருள்.

டிசம்பர் 9, திங்கள்

கோயம்புத்தூரிலிருந்து தகவல் வந்துவிட்டது. இருபதாம் தேதி வண்டி வரும், லேசரைக் கழற்றிக் கட்டி வையுங்கள் என்று. மேடம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "நீ ஒண்ணும் கொற வைக்கல, ஜெசிந்தா" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்றும் குழாய்களைப் பார்த்தேன். தெளிவு. இனி பார்க்கப் போவதில்லை.

செந்தூர்பாண்டி நாள் முழுக்கத் திருகு திருகாகக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். லேசரையும் கறுப்புப் பெட்டியையும் மட்டும் கடைசிக்கு வைத்திருக்கிறார். எனக்குச் சளி பிடித்துவிட்டது, கண்ணிலும் மூக்கிலும் ஒழுகுகிறது. அம்மா ஆவி பிடிக்கச் சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டு போர்வைக்குள் ரொம்ப நேரம் ஆவி பிடித்தேன்.

டிசம்பர் 19, வியாழன்

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. இன்று ஏசியைச் சொல்ல முடியாது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் சூட்டுப் பெட்டியைக் காலி பண்ணப் போனேன். முத்துமாலை அக்கா கழுவுவதற்குக் கூடையோடு நின்றாள். குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தேன். அக்டோபர் வரிசையில் ஒன்றை எடுத்தபோது அடியில் ஏதோ நிறம்.

"அக்கா, இது சிவப்பாவா இருக்கு?"

"நீதான் பத்து நாளா அழுது கண்ணு செவந்து நிக்க. எல்லாம் சிவப்பாத்தான் தெரியும்."

"சளி அக்கா அது."

"ஆமா, சளி" என்று குழாயை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்தாள். பிடித்தவள் கூடையைக் கீழே வைத்துவிட்டாள். அடுத்ததை எடுத்தேன். அதுவும் ரோஸ். அதற்கடுத்ததும். ஒரு சொட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தேன். கொடுக்காப்புளி. கொடுக்காப்புளி. கொடுக்காப்புளி! வேறு ஒன்றும் இல்லை, சந்தைக்குக் கொட்டிவைத்த மாதிரி கொடுக்காப்புளி மட்டும், உருண்டுகொண்டும் புரண்டுகொண்டும், சில இரண்டாகப் பிரிந்துகொண்டும்!

நான் கத்திய கத்தலில் மாடியிலிருந்து மேடம் செருப்பில்லாமல் ஓடி வந்தார். செந்தூர்பாண்டி கையில் திருப்புளியோடு வந்தார். எல்லாரும் முறை வைத்துப் பார்த்தோம். முத்துமாலை அக்கா குலவை போட்டாள். லேபில் குலவை. மேடம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், அவருக்கும் சளி.

ஆனால் மேடம் மேடம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஆகஸ்டுல பிடிச்சது செத்துட்டு. செப்டம்பர்ல பிடிச்சதும் செத்துட்டு. பூசைக்குப் பெறகு பிடிச்சது மட்டும் எப்படிப் பொழச்சுது? என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணுமே மாத்தல மேடம். லேசருக்கு வயசாகிப் பிடி தளந்துட்டு. அவ்வளவுதான்" என்றேன்.

செந்தூர்பாண்டி தரையைப் பார்த்தார். "வயசாகல" என்றார். "வாங்க, ஒண்ணு காட்டுதேன்."

கறுப்புப் பெட்டியைத் திறந்தார். முதல் கண்ணாடியில், மேலிருந்து கீழாக, காய்ந்து வெடித்த ஒரு மஞ்சள் ஒழுகல். என் சந்தனம். சட்டத்தின் மேல் வைத்தது தண்ணீராக இருந்ததால் வழிந்து கண்ணாடியில் இறங்கியிருக்கிறது. லேசரைப் போட்டு, ஒளிமானியை எதிரே வைத்துக் காட்டினார். போக வேண்டிய ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. இரண்டு பங்கைச் சந்தனம் தடுத்துவிட்டது.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. வயிற்றுப் பாக்டீரியா முரடு, எவ்வளவு ஒளியையும் தாங்கும். அதை வைத்து லேசருக்கு நல்ல பெயர் கொடுத்துவிட்டோம். என் கொடுக்காப்புளி நோஞ்சான். ஆடாமல் நிற்கவேண்டும் என்று பிடித்த பிடியிலேயே வெந்து செத்திருக்கிறது. சந்தனம் வழிந்த நாளிலிருந்து பிடி தளர்ந்தது, அதுவும் பிழைத்தது.

அதற்குப் பிறகுதான் இன்னொன்று உறைத்தது.

"எப்போ பாத்தீங்க இத?"

"பூசை முடிஞ்சு வந்த திங்கக்கெழம."

"ரெண்டு மாசமா தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டே லேசருக்கு வயசாயிட்டுன்னு வாய் கூசாமப் பொய் சொன்னீங்களா? ஒரு நாளைக்கு நூறு தரம் தொடைக்கிற ஆளு! ஒரு பூவுக்கு என்னைய வாசல்ல நிறுத்துன ஆளு! இத ஏன் தொடைக்கல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னார். "தாள எடுத்தேன். மூணு தரம் எடுத்தேன். நீங்க வச்சதுல்லா. தொடைக்க கை வரல."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முத்துமாலை அக்கா கொஞ்சமும் திரும்பவில்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நன்றாக நின்று பார்த்தாள். "நல்ல கோட்டிக்காரன்தான் பிள்ள வாச்சிருக்கான், முழுப் பைத்தியம்" என்றாள்.

திட்ட எடுத்த வாய் திறந்தபடி நின்றது. மேடம்தான் காப்பாற்றினார். லேப் குறிப்பேட்டை என் கையில் கொடுத்து, "நடந்தத மட்டும் எழுது" என்றார்.

"என்னன்னு மேடம் எழுத?"

"முதல் கண்ணாடியில் சந்தனம். அளவு, ஒரு விரல். வச்சவங்க பேரு, தொடைக்காதவங்க பேரு."

வண்டியை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

டிசம்பர் 25, புதன்

அம்மாதான் கூப்பிடச் சொன்னாள், நான் இல்லை. முறுக்கு கொடுத்த லேபைப் பார்க்க வேண்டுமாம். செந்தூர்பாண்டி வெள்ளைச் சட்டையில் வந்தார். பையில் துடைக்கும் தாள் இருந்தது. குடிலைப் பார்த்தார், மக்ரூன் தின்றார், கறிச்சோறு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "ஒங்க அம்மா நல்லா இருக்காங்களா தம்பி?" எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. பயமாக இருந்தது.

ஜனவரி 7, செவ்வாய்

மேடம் சொல்வது சரி. சந்தனத்தால் பிழைத்தது என்று உலகத்துக்குச் சொல்ல முடியாது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு, குழாயில் வளர்ந்த கொடுக்காப்புளியில் பாதியை முழுப் பலத்தில் பிடிக்க வேண்டும், பாதியைப் பலம் குறைக்கும் குமிழைத் திருகி மூன்றில் ஒரு பங்கில் பிடிக்க வேண்டும். எது வாழ்கிறது என்று பார்க்க வேண்டும். அதுதான் முறை.

செந்தூர்பாண்டி தாளை எடுத்து என்னிடம் நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானே துடைத்தேன். பைய. மஞ்சள் பட்ட அந்தத் தாள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. மணம் இன்னும் போகவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

முழுப் பலத்தில் பிடித்த குழாய்கள் எல்லாம் தெளிவு. மூன்றில் ஒரு பங்கில் பிடித்தவை எல்லாம் ரோஸ். எல்லாம்! ஜன்னலோரம் வரிசையாக வைத்துப் பார்த்தால் செப்டம்பர் மாதத்துப் பாத்தி மாதிரி இருக்கிறது. வெறும் உப்புத் தண்ணீரும் வெளிச்சமும் கொடுத்தால் போதும், கூட்டாளி வேண்டாம், விசேஷச் சாப்பாடு வேண்டாம், அதைப் போட்டு நசுக்காமல் இருந்தால் போதும் என்று கொடுக்காப்புளி சொல்லிவிட்டது. லேசர் இங்கேயே தங்குவதற்கு எழுத்து மூலம் ஒப்புதலும் வந்துவிட்டது. கோயம்புத்தூர்க்காரர்கள் இரண்டு குழாய் கேட்டிருக்கிறார்கள். கேட்கட்டும், கேட்கட்டும்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்றால், லேபிலிருந்து வீடு வரை சிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன். எதிர் வீட்டு மரியபாக்கியம் அத்தை நடுவழியில் நிறுத்தி, "என்னட்டி, ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டாள்.

அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே அரிந்தாள்.

"அப்போ லேசரு இனி இங்கனதான?"

"ஆமா."

"அப்போ அந்தத் தம்பியும் இங்கனதான?"

"லேசர் இருந்தா அவரும் இருக்கணும்லா."

"ம்" என்றாள். அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள். "தவசு காலத்துல கல்யாணம் கெடையாதுல்லா, மஸ்கட்காரங்க அதுக்கு முன்ன பதில் கேட்டாங்க. மத்தியானமே போன் போட்டுச் சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"மூக்கு சரியில்லன்னு."

பாவம் அந்த மனுஷன். நல்ல மூக்குதான்.